தூர்ல இருந்து குருத்து வரைக்கும்: சின்ன பைன் மரம் அளக்கப் போறவங்களுக்கு

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில எங்க மாமா பூண்டு போடுற அடுக்குக்கு மேல ஒரு சரிவு இருக்கு, மண்ணு ஆழம் கிடையாது, தண்ணியும் ஏறாது, அதனால அதுல பைன் கன்னு நட்டு விட்டுட்டாரு. அது எவ்வளவு வளருதுன்னு பாக்கலாம்னு மொத வருஷம் எல்லா மரத்தையும் அளந்து எழுதி வச்சேன், அடுத்த வருஷம் போய் திரும்ப அளந்து கழிச்சுப் பாத்தா எட்டு மரம் சுருங்கியிருக்கு. நல்லா பச்சையா நிக்கிற மரம் எப்படிங்க சுருங்கும்? மாமாகிட்ட சொன்னேன், அவரு பூண்டு மூட்டையைக் கட்டிக்கிட்டே "மாப்ள, மரம் சுருங்கல, உன் டேப்பு வளந்துருச்சு"ன்னாரு. கிண்டலுக்குத்தான் சொன்னாரு, ஆனா பாதிக்கு நெசமாவே அதான் நடந்திருக்கு, மிச்ச பாதியைக் கீழ சொல்றேன். நான் வச்சிருந்தது டெய்லர் கடை இஞ்சு டேப்பு, மழையில பனியில நனைஞ்சு இழுபட்டு நீண்டு போச்சு, நீண்ட டேப்புல அளந்தா சுத்தளவு கம்மியாத்தான் காட்டும்.

புதுசா அளக்கப் போறவங்க இந்த ஒன்னை மட்டும் மொதல்ல புரிஞ்சுக்கோங்க. வளர்ச்சின்றது நேரா அளக்குற விஷயம் இல்ல, ரெண்டு அளவைக் கழிச்சா வர்ற மிச்சம். மொத அளவுல உள்ள தப்பு, ரெண்டாவது அளவுல உள்ள தப்பு, ரெண்டும் அந்த மிச்சத்து மேல வந்து உக்காந்துக்கும். அம்பது வருஷத்து மரத்துல அரை செ.மீ. தப்பு நடந்தா ஒன்னும் குடி முழுகாது. நாலு வருஷக் கன்னுல அரை செ.மீ.ன்னா பாதி வருஷ வளர்ச்சியே போச்சு. அதனால துல்லியமான கருவியை விட முக்கியம் என்னன்னா அதே மரம், அதே இடம், அதே மாசம், அதே முறை. கீழ சொல்றது முழுக்க இதுக்குத்தான்.

போறதுக்கு முன்னாடி

காட்டுக்குள்ள நிக்கிற பைனா, சொந்தப் பட்டா நிலத்துல நிக்கிற பைனான்னு பாத்துக்கோங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட், சரணாலயம்னா உள்ள போறதுக்கே வனத்துறை அனுமதி வேணும், சும்மா அளக்கத்தானே போறோம்னு டேப்போட போய் நிக்காதீங்க. கொடைக்கானல் சுத்துவட்டாரத்துல நெறைய இடம் 2013ல இருந்து சரணாலயம். பட்டா நிலம்னாலும் அளக்குறதுக்கு உரிமையாளர் சம்மதம் போதும், ஆனா எடை போடுறதுக்காக மரம் வெட்டணும்னா அது வேற கதை. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம்னு 1955ல இருந்து ஒன்னு இருக்கு, நம்ம மரம் நம்ம நிலம்னு சொல்லிட்டு வெட்ட முடியாது, அனுமதி வாங்கித்தான் ஆகணும். இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா பயோமாஸ், அதாவது மரத்தோட காஞ்ச எடை, அந்தக் கணக்குக்கு வெட்டி எடை போடுறதுதான் நேரான வழி, அதுக்கு அனுமதி கிடைக்கலைன்னா வேற வழியில போகணும், ரெண்டையும் கீழ சொல்றேன்.

எந்த பைனுன்னும் தெரிஞ்சுக்கணும். நம்ம மலையில பெரும்பாலும் பாக்குறது பட்டுலா, மெக்சிகோ மரம், ஊசி நீளமா மெல்லிசா தலைமுடி மாதிரி தொங்கும், வழக்கமா ஒரு கொத்துல மூணு ஊசி. நீலகிரிப் பக்கம் ரேடியாட்டாவும் நட்டிருக்காங்க, அது கலிஃபோர்னியாவுல இருந்து வந்தது, அதுலயும் மூணு ஊசிதான், ஆனா தொங்காது. விட்டம், உயரத்துல இருந்து எடை கண்டுபுடிக்கிற சூத்திரம் ஒவ்வொரு இனத்துக்கும் வேற வேற, அதனால நோட்டுல மொத வரியில இனம் எழுதிடுங்க.

எந்த மாசம்? ஐப்பசி, கார்த்திகையில கொடைக்கானல் பக்கம் போனா டேப்பு புடிக்கிற கை நடுங்கும், அட்டை வேற. நாங்க ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரிக்குள்ள முடிச்சுடுறோம், மழை விட்டிருக்கும், புல்லு காஞ்சு சாஞ்சிருக்கும், தூர் நல்லா தெரியும். காலையில உறைபனி இருந்தா வெயில் வர்ற வரைக்கும் டீக்கடையில உக்காருங்க. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு நீலகிரியில ஒவ்வொரு பக்கத்துக்கும் மழை மாசம் மாறும், அதனால உங்க ஊருக்கு ஏத்த மாதிரி ஒரு மாசத்தைப் புடிச்சுக்கோங்க, புடிச்சா மாத்தாதீங்க. இந்த வருஷம் ஜனவரி அடுத்த வருஷம் ஏப்ரல்னு அளந்தா அது ஒரு வருஷ வளர்ச்சி இல்ல, பதினஞ்சு மாச வளர்ச்சி.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்

ஃபைபர் டேப்பு ரெண்டு, ஒன்னு சின்னது மரத்தைச் சுத்த, ஒன்னு 30 மீட்டர் பிளாட் போட, அதாவது அளக்கப் போற இடத்தைக் கட்டம் கட்ட. காலிப்பர் ஒன்னு, தண்டை ரெண்டு பக்கமும் கவ்வி விட்டம் காட்டுறது, மி.மீ. பாக்குற மாதிரி. மூங்கில் கம்பு ஒன்னு, அதுல 1.37 மீட்டர்ல ஒரு கோடு, அடியில கூர் சீவினது. உயரம் அளக்க நீட்டிக்கிற கம்பு இல்லைன்னா பிவிசி பைப்பை மூணு துண்டாக்கி சொருகுற மாதிரி பண்ணி பத்து செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்கோங்க, தொரட்டிக் கம்பு மாதிரி கனமா இருந்தா அரை நாள்ல தோள்பட்டை போயிடும். மஞ்சளோ வெள்ளையோ பெயிண்ட், சின்ன பிரஷ். பென்சில், பென்சில்தான், பேனா இல்ல, மேகம் உள்ள வந்துச்சுன்னா பேனா எழுத்து அப்படியே கரைஞ்சு ஓடும். நோட்டு, பிளாஸ்டிக் கவர்.

ஆளு ரெண்டு பேராவது வேணும். ஒருத்தர் அளந்து சொல்றது, இன்னொருத்தர் எழுதுறது. எழுதுறவர் காதுல விழுந்ததைத் திருப்பிச் சத்தமா சொல்லிட்டுத்தான் எழுதணும். "ஏழு புள்ளி ஒன்னு" "ஏழு புள்ளி எட்டு" ரெண்டும் காத்துல ஒன்னு மாதிரியே கேக்கும். காட்டுமாடு நடமாட்டம் உள்ள இடம்னா மூணாவதா ஒருத்தர் சும்மா சுத்திப் பாத்துக்கிட்டு நின்னாலும் தப்பில்ல, குனிஞ்சு தூரைப் பாத்துக்கிட்டே இருக்குறவனுக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னு தெரியாது.

பிளாட் போடுறது

எல்லா மரத்தையும் அளக்க முடிஞ்சா அளந்துடுங்க, மாமா தோட்டம் மாதிரி சின்ன இடத்துல அதான் நல்லது. பெரிய இடம்னா 10க்கு 10 மீட்டர் கட்டம் போட்டுக்கலாம், அது 100 சதுர மீட்டர், ரெண்டுக்கு ரெண்டு மீட்டர் இடைவெளியில நட்டிருந்தா உள்ள 25 மரம் வரும். வட்டமா வேணும்னா நடுவுல ஒரு குச்சி நட்டு 5.64 மீட்டர் கயிறால சுத்துனா அதுவும் 100 சதுர மீட்டர்தான். மலையில வட்டம்தான் லேசு, நாலு மூலைக்குச் செங்கோணம் பாக்குற வேலை இல்ல. எங்க போடணும்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, கண்ணு எப்பவும் நல்லா வளந்த இடத்துக்குத்தான் போகும், மேப்புல கட்டம் போட்டுச் சீட்டு குலுக்கி எடுங்க. ஓர வரிசை மரத்தைச் சேக்காதீங்க, ஓரத்துல வெயிலு நெறைய, அதனால தடிமனா இருக்கும்.

இப்ப சரிவு. இதுல புதுசா வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாரும் வழுக்குவாங்க. ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவுன்னு சொல்றப்போ அந்த ஹெக்டேர் மேல இருந்து பாத்தா தெரியுற சமதள அளவு, சரிவு மேல டேப்பு போட்ட அளவு இல்ல. அதனால சரிவுல 10 மீட்டர் வேணும்னா டேப்பைக் கொஞ்சம் கூடுதலா இழுக்கணும், 10 டிகிரி சரிவுல 10.15, 20 டிகிரியில 10.64, 30 டிகிரியில 11.55 மீட்டர். இது மேல கீழ போற பக்கத்துக்கு மட்டும்தான், குறுக்கே போற பக்கத்துக்குத் திருத்தம் வேண்டாம். 30 டிகிரியில திருத்தம் பண்ணாம விட்டீங்கன்னா நூத்துக்குப் பதிமூணு பங்கு இடம் காணாம போயிடும். சரிவு எத்தனை டிகிரின்னு ஃபோன்லயே பாக்கலாம், அதுக்கு ஆப் இருக்கு.

ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் கொடுங்க. குளிர்பான டின்னை வெட்டி தகடு பண்ணிக் கம்பியில கட்டித் தொங்க விட்டோம், பாதியைக் குரங்கு புடுங்கிட்டுப் போயிடுச்சு, மிச்சத்துல கம்பி இறுகி மரத்துக்குள்ள இறங்க ஆரம்பிச்சுது. இப்பல்லாம் மரத்துல எதுவும் கட்டுறதில்ல, பக்கத்துல ஒரு முளைக்குச்சி, அதுல பெயிண்ட்ல நம்பர், கூடவே நோட்டுல வரிசை வரிசையா ஒரு படம். படம்தான் காப்பாத்தும். குச்சி போனாலும் "மேல இருந்து மூணாவது வரிசை, அஞ்சாவது மரம்"னு கண்டுபுடிச்சுடலாம்.

தடிமன்: இதுல நிதானமா இருங்க

கன்னு 1.37 மீட்டரை விடக் குட்டையா இருந்தா தூர்ல அளக்கணும், வேரும் தண்டும் சேருற கழுத்துக்கு மேல. நாங்க மண்ணுல இருந்து 5 செ.மீ. மேலன்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டோம், சரியா கழுத்துலயே அளந்தா வீக்கம் குறுக்க வருது. நீங்க எங்க வேணும்னாலும் வச்சுக்கோங்க, ஆனா நோட்டுல எழுதி வைங்க, மூணு வருஷம் கழிச்சு வர்றவனுக்கு அது தெரியணும். காலிப்பரை ஒரு தடவை மேட்டுப்பக்கம் பாத்து வைங்க, இன்னொரு தடவை குறுக்கே வைங்க, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குங்க. சரிவுல கொஞ்சம் சாஞ்சு நிக்கிற பைன் தண்டு உருண்டையா இருக்காது, ஊசியிலை மரம் சாஞ்சா தாங்குறதுக்காகப் பள்ளப்பக்கத்துலதான் கட்டையை நெறைய போடும், அதனால முட்டை மாதிரி ஆயிடும்.

1.37 மீட்டரைத் தாண்டின மரத்துக்கு நெஞ்சளவு, அதாவது அந்த 1.37 உசரத்துல தண்டோட தடிமன். இந்தியாவுல வனத்துறைக் கணக்கெல்லாம் 1.37, அதாவது நாலரை அடி. வெளிநாட்டுக் கட்டுரைகள்ல நெறைய 1.30ன்னு இருக்கும். அங்கேருந்து சூத்திரம் எடுக்குறவங்க இதைக் கவனிக்கணும், பெரிய மரத்துல ஏழு செ.மீ. வித்தியாசம் தெரியாது, ரெண்டு மீட்டர் மரத்துல நல்லாவே தெரியும்.

கம்பை எப்பவும் மேட்டுப்பக்கத்துல வைங்க. பள்ளப்பக்கத்துல வச்சா 1.37 கீழ இறங்கிடும். அப்புறம் பைனுக்குன்னே ஒரு வில்லங்கம் இருக்கு, சருகு. ஊசி விழுந்து விழுந்து மெத்தை மாதிரி ஆயிடும், சீக்கிரம் மக்கவும் மக்காது, வருஷா வருஷம் உசரம் ஏறும். கம்பைச் சருகு மேல வச்சா இந்த வருஷ 1.37 போன வருஷத்தை விட மேல போயிடும், மேல போனா தண்டு சன்னம், மரம் சுருங்கிடும்! எங்க எட்டு மரத்துல பாதி கதை இதுதான், மீதிதான் டேப்பு. அதனாலதான் கம்புக்கு அடியில கூர் சீவச் சொன்னேன், சருகைக் குத்திக்கிட்டு மண்ணுல போய் முட்டணும். அங்க வச்சு தண்டுல மெல்லிசா ஒரு பெயிண்ட் கோடு போட்டுட்டா அடுத்த வருஷம் கம்பே வேண்டாம், கோட்டுல டேப்பைச் சுத்துங்க. ஆணி அடிக்காதீங்க, சின்ன மரம் ஆணியைச் சுத்தி வீங்கிக்கும், வீக்கத்தைத்தான் அளப்பீங்க.

இன்னொன்னு, பைனுல கொப்பு அடுக்கடுக்கா ஒரே உசரத்துல சுத்தி வரும், அந்த இடத்துல தண்டு புடைச்சு நிக்கும். 1.37 கரெக்டா அடுக்குல விழுந்துச்சுன்னா அங்க அளக்கக் கூடாது. மேல ஒரு பத்து செ.மீ., கீழ ஒரு பத்து செ.மீ. ரெண்டு இடத்துல அளந்து சராசரி எடுங்க, ரெண்டு இடத்துலயும் கோடு போடுங்க, நோட்டுல "அடுக்கு"ன்னு எழுதுங்க.

சுத்தளவை 3.1416ஆல வகுத்தா விட்டம். 28.3 செ.மீ. சுத்தளவுன்னா 9.0 செ.மீ. விட்டம். களத்துல வகுக்காதீங்க, சுத்தளவை அப்படியே எழுதிட்டு வீட்டுல வந்து எக்ஸெல்ல போட்டுக்கலாம்.

கன்னு 1.37ஐத் தாண்டுற வருஷத்துல எல்லாரும் தூர் அளவை விட்டுட்டு நெஞ்சளவுக்கு மாறிடுவாங்க, நானும் மாறினேன், மாறின உடனே பழைய நாலு வருஷக் கணக்கோட தொடர்பு அறுந்து போச்சு. ரெண்டு மூணு வருஷத்துக்கு ரெண்டையும் சேத்தே எடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்.

உயரம்

கம்பு எட்டுற வரைக்கும் கம்புதான் ராஜா. ஒருத்தர் தண்டோட ஒட்டிக் கம்பைத் தூக்கணும், இன்னொருத்தர் தள்ளி நின்னு நுனியும் கம்பும் ஒன்னா வருதான்னு பாத்துச் சொல்லணும், அடியில நின்னு அண்ணாந்து பாத்தா நுனி தெரியவே தெரியாது. நுனின்னா நடுக்குருத்தோட மொட்டு. ஊசி அதுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும், அதைச் சேக்காதீங்க. நடுக்குருத்து ஒடிஞ்சு பக்கத்துக் கொப்பு தலை தூக்கியிருந்தா அதை அளந்துட்டு "ஒடிவு"ன்னு எழுதுங்க, மிளா உரசினதா, காத்தான்னு தெரிஞ்சா அதையும்.

கம்பு எட்டலைன்னா கோணம் பாக்கணும். மரத்துல இருந்து சமதளமா 10 மீட்டர் தள்ளி நில்லுங்க, நுனிக்கு எத்தனை டிகிரி, தூருக்கு எத்தனை டிகிரின்னு பாருங்க. கருவி இல்லைன்னா பிள்ளைங்க ஜாமெட்ரி பாக்ஸ்ல உள்ள பாகைமானியில நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்க விட்டாலே வேலை நடக்கும். உதாரணத்துக்கு நுனி மேல 32 டிகிரி, தூர் உங்க கண்ணுக்குக் கீழ 12 டிகிரி. டேன் 32ன்றது 0.625, டேன் 12ன்றது 0.213, கூட்டினா 0.838, பத்தால பெருக்கினா 8.4 மீட்டர். நீங்க பள்ளத்துல நின்னு தூரே உங்க கண்ணுக்கு மேல இருந்துச்சுன்னா கூட்டக் கூடாது, கழிக்கணும். முடிஞ்ச வரைக்கும் சரிவுக்குக் குறுக்கே போய் மரத்தோட ஒரே மட்டத்துல நில்லுங்க, இந்தக் குழப்பமே வராது. காத்து அடிக்கிற நேரத்துல உயரம் அளக்காதீங்க, மத்தியானத்துக்கு மேல எங்க பக்கம் நுனி ஆடிக்கிட்டே இருக்கும்.

கொப்பு அடுக்கை எண்ணி வயசு சொல்லலாம்னு யாராவது சொல்லுவாங்க. குளிர் நாட்டுல சில பைனுக்கு வருஷத்துக்கு ஒரு அடுக்கு, அங்க அது சரி. பட்டுலா நம்ம மலையில வருஷத்துல ஒன்னுக்கு மேலயே அடுக்கு விடும். வெட்டின கட்டையில வளையம் எண்றதும் அப்படித்தான், நம்ம ஊர்ல மரம் முழுசா தூங்குற பனிக்காலம் கிடையாது, பொய் வளையம் வரும். நட்ட வருஷம் யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு கேளுங்க, மாமாவைக் கேட்டா "உங்க அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம்"னாரு, அது போதும்.

வளர்ச்சிக் கணக்கு

இந்த வருஷத்துல இருந்து போன வருஷத்தைக் கழிக்கணும், ஆனா மரம் மரமா கழிக்கணும், சராசரியில இருந்து சராசரியைக் கழிக்கக் கூடாது. ஏன்னு பாருங்க. அஞ்சு மரம், விட்டம் 2, 3, 4, 5, 6 செ.மீ., சராசரி 4. அடுத்த வருஷம் சின்ன மரம் ரெண்டும் செத்துப் போச்சு, மிச்சம் மூணும் துளி கூட வளரல. இப்ப சராசரி 5! ஒரு செ.மீ. வளந்த மாதிரி இருக்கு, நெசத்துல ரெண்டு மரம் செத்ததுதான் நடந்துச்சு. செத்த மரத்தை நோட்டுல இருந்து அழிக்காதீங்க, "செத்தது"ன்னு எழுதி வைங்க, எதனாலன்னு தெரிஞ்சா அதையும்.

கழிச்சா மைனஸ் வந்துச்சுன்னா பூஜ்யம்னு மாத்தாதீங்க. மைனஸ் வர்ற மரத்தை மட்டும் திருத்தினா கூடுதலா வந்த தப்பு அப்படியே நிக்கும், மொத்தக் கணக்கும் ஒரு பக்கமா சாஞ்சிடும். திரும்பப் போய் அளங்க. எப்படியும் பத்துல ஒரு மரத்தை ரெண்டாவது தடவை, முடிஞ்சா வேற ஆளை விட்டு, மொத அளவைப் பாக்காம அளக்கணும், உங்க கை எவ்வளவு தப்பு பண்ணுதுன்னு அதுல தெரிஞ்சிடும். கை தப்பே 3 மி.மீ. வருதுன்னா 2 மி.மீ. வளர்ச்சின்னு அறிக்கை எழுதுறதுல அர்த்தம் இல்ல. போன வருஷ நோட்டைக் களத்துக்குக் கொண்டு போகலாமா வேண்டாமான்னு எங்களுக்குள்ளயே சண்டை உண்டு, என் கட்சி பையிலயே இருக்கட்டும்ன்றது, அளந்து எழுதினதுக்கு அப்புறம்தான் திறக்கணும், முன்னாடியே பாத்தா கண்ணு அந்த நம்பரையே தேடும்.

சின்ன மரத்தையும் பெரிய மரத்தையும் ஒப்பிடணும்னா வெறும் கழித்தல் பத்தாது. ஒரு கிலோ மரம் ரெண்டு கிலோ ஆனதும் பத்துக் கிலோ மரம் பதினொன்னு ஆனதும் கூடினது ஒரே கிலோ, ஆனா மொதல்ல சொன்னது ரெட்டிப்பாயிடுச்சுல்ல. அதுக்கு ரெண்டு எடைக்கும் லாக் (இயல் லாக், எக்ஸெல்ல LN) எடுத்துக் கழிச்சு, நடுவுல எத்தனை வருஷம் போச்சோ அதால வகுக்கணும். அதுதான் சார்பு வளர்ச்சி வீதம்.

பயோமாஸ், வெட்டாம

பயோமாஸ்னா தண்ணியெல்லாம் போன அப்புறம் மிஞ்சுற காஞ்ச எடை. ஈர எடையை வச்சு பயோமாஸ்னு சொல்றவங்களை நம்பாதீங்க, சின்ன பைனுல பாதிக்கு மேல தண்ணிதான்.

வெட்ட முடியாதவங்க குத்துமதிப்பா இப்படிப் போடலாம். விட்டம் 9 செ.மீ., உயரம் 6.5 மீட்டர்னு வச்சுக்கோங்க. விட்டத்தோட வர்க்கம் 81, அதை 0.00007854ஆல பெருக்கினா தண்டோட குறுக்குப் பரப்பு 0.00636 சதுர மீட்டர். உயரத்தால பெருக்கினா 0.0414 கன மீட்டர், ஆனா அது மேல வரைக்கும் ஒரே தடிமனா பைப்பு மாதிரி இருந்தா. மரம் மேல போகப் போக சன்னமாகும், அதனால வடிவ எண்ணால பெருக்கணும். பெரிய மரத்துக்கு 0.4, 0.45ன்னு போடுவாங்க. சின்ன மரத்துல நெஞ்சளவு எடுக்குற இடமே உயரத்துல அஞ்சுல ஒரு பங்கு மேல இருக்கு, அதுக்குக் கீழ தண்டு இன்னும் தடிமன், அதனால 0.5 போடுறது நியாயம். 0.0207 கன மீட்டர் ஆச்சு. இளம் பைன் கட்டை லேசு, கன மீட்டருக்குக் காஞ்ச எடை 400 கிலோன்னு வச்சா தண்டு மட்டும் 8.3 கிலோ. கொப்பும் ஊசியும் இதுல இல்ல, இளம் மரத்துல அது சின்ன பங்கு கிடையாது.

இதுல விட்டம் வர்க்கமா போகுதுன்றதைக் கவனிங்க. 9.0ஐ 9.9ன்னு எழுதிட்டா விட்டத்துல பத்து சதவீதம் தப்பு, எடையில இருபத்தொரு சதவீதம் தப்பு. சருகு, அடுக்கு, மேட்டுப்பக்கம்னு மேல அவ்வளவு வளவளன்னு சொன்னது இதுக்குத்தான்.

பயோமாஸ், வெட்டி

அனுமதி இருந்தா, இல்ல எப்படியும் இடைவெட்டு (நெருக்கத்தைக் குறைக்க நடுநடுவுல சில மரத்தை வெட்டுறது) எடுக்கப் போறாங்கன்னா, அந்த மரத்தை விட்டுடாதீங்க. சன்னம், நடுத்தரம், தடிமன்னு எல்லாத் தரத்துலயும் எடுங்க, நடுத்தரத்துலயே பத்து மரம் வெட்டினா பிரயோஜனம் இல்ல. மழை, மேகம் இல்லாத நாளா பாருங்க, ஊசி மேல ஒட்டின தண்ணியும் எடையில ஏறிடும். விட்டமும் உயரமும் நிக்கும்போதே அளந்துட்டு, மண்ணோட ஒட்டி வெட்டி, தார்ப்பாய் மேல சாச்சு, தண்டு, கொப்பு, ஊசி, காய் இருந்தா காய்னு தனித்தனியா பிரிக்கணும். ஊசி உருவுறதுதான் பெரிய வேலை, நாலு பேரு உக்காந்தாலும் ஒரு மரத்துக்கு அரை நாள் போகும், கை முழுக்கப் பிசின். பூண்டு மூட்டை எடை போடுற தொங்கு தராசே போதும், ஒவ்வொரு பங்கையும் அங்கேயே அப்பவே எடை போடுங்க.

எல்லாத்தையும் காயவைக்க முடியாது, அதனால மாதிரி எடுக்கணும். தண்டுல அடி, நடு, நுனின்னு மூணு வில்லை, கொப்புல தடிமனும் சன்னமும் கலந்து, ஊசியில மேலயும் கீழயும் கலந்து. மாதிரியையும் அதே நிமிஷம் கிராம் தராசுல போடணும், நாளைக்குப் போட்டுக்கலாம்னு விட்டா தண்ணி போயிருக்கும், கணக்கு மொத்தமும் தப்பு. அப்புறம் காகிதக் கவர்ல போடுங்க, பிளாஸ்டிக்ல ராத்திரி முழுக்க வச்சா ஊசி பூஞ்சை புடிச்சிடும். ஓவன்ல ஊசியை 70 டிகிரியில, கட்டையை 105 டிகிரிக்குப் பக்கத்துல, எடை குறையுறது நிக்குற வரைக்கும் தினம் எடுத்து எடை போட்டுக் காயவைக்கணும். ஓவன் வீட்டுல இருக்காது, காலேஜ் லேப்ல கேட்டுப் பாருங்க, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனம்னு நமக்குக் கீழேயே இந்த வேலை தெரிஞ்ச இடம் இருக்கு.

கணக்கு சுலபம். மேல சொன்ன அதே 9 செ.மீ. மரம்னு வச்சுக்கோங்க. தண்டு ஈரமா 21.2 கிலோ. வில்லை ஈரமா 410 கிராம், காஞ்சப்புறம் 172 கிராம். 172ஐ 410ஆல வகுத்தா 0.42, அதால 21.2ஐப் பெருக்கினா 8.9 கிலோ. இதே மாதிரி கொப்பு 3.3, ஊசி 3.5 வந்துச்சுன்னா மொத்தம் 15.7 கிலோ. தண்டை மட்டும் கணக்குப் போட்டிருந்தா பத்துல நாலு பங்குக்கு மேல விட்டிருப்போம்.

இருபது முப்பது மரம் இப்படிச் சேந்தப்புறம் சூத்திரம் பண்ணலாம். விட்டத்தோட வர்க்கத்தை உயரத்தால பெருக்கி லாக் (இங்கயும் LN) எடுங்க, காஞ்ச எடைக்கும் லாக் எடுங்க, எக்ஸெல்ல புள்ளி வச்சு ஒரு நேர்கோடு போடுங்க. லாக்ல இருந்து திரும்ப கிலோவுக்கு வர்றப்போ எடை கொஞ்சம் கம்மியாக் காட்டும், அதுக்கு ஒரு திருத்தம் உண்டு: கோட்டைச் சுத்தின சிதறலோட திட்டப் பிழையை வர்க்கமாக்கி, பாதியாக்கி, அதோட எக்ஸ்பொனென்ஷியலால பெருக்கணும். நெறைய பேரு இதை விட்டுடுறாங்க. இன்னொன்னு, 3ல இருந்து 12 செ.மீ. வரைக்கும் வெட்டிப் போட்ட சூத்திரத்தை 25 செ.மீ. மரத்துக்குப் போடாதீங்க, கோடு அங்க எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது.

வேரைத் தோண்டுறது எங்களால முடியல, ஒரே ஒரு மரத்துக்கு முயற்சி பண்ணி பாறையில கடப்பாறை முட்டி நிறுத்திட்டோம். ஐபிசிசின்ற ஐ.நா. காலநிலைக் குழுவோட 2006 வழிகாட்டியில வெப்பமண்டல மலைக்காட்டுக்குத் தரைக்கு மேல உள்ள எடையில 0.27 பங்கு வேர்னு கொடுத்திருக்காங்க, அதை எடுத்துக்கிட்டு, எடுத்துக்கிட்டோம்னு எழுதிடலாம். கார்பனுக்கு அதே வழிகாட்டியில 0.47. நம்ம 15.7 கிலோ மரத்துல 7.4 கிலோ கார்பன், அதை 3.67ஆல பெருக்கினா 27 கிலோ கரியமில வாயு, வேர் சேக்காம. 100 சதுர மீட்டர் பிளாட்டுல உள்ள மொத்தத்தை நூறால பெருக்கினா ஒரு ஹெக்டேர்.

இந்த நம்பரைப் பாத்ததும் "அப்ப புல்வெளியெல்லாம் பைன் நட்டுடலாமே"ன்னு யாராவது கிளம்புவாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. இந்த மலையோட புல்வெளி வெறும் காலி இடம் இல்ல, அதோட மண்ணுக்குள்ள கார்பன் கிடக்கு, நாம அளந்தது தரைக்கு மேல நிக்கிறதை மட்டும்தான். மன்னவனூர்ப் பக்கம் போறப்போ புல்லுக்கு நடுவுல தானா முளைச்ச பைன் கன்னைப் பாத்தா நான் அதையும் அளந்து எழுதுறேன், எவ்வளவு வேகமா ஏறுது, எந்த உசரத்துல காய் விடுதுன்னு தெரிஞ்சா அதைப் புடுங்கிப் புல்வெளியை மீட்கப் பாக்குறவங்களுக்கு உதவும். முறை ஒன்னுதான், தூர்ல 5 செ.மீ., மேட்டுப்பக்கம், மொட்டு வரைக்கும்.

வீட்டுக்கு வந்த உடனே நோட்டுல ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல படம் எடுத்து ரெண்டு பேருக்கு அனுப்பிடுங்க, ஒரு வருஷத்து நோட்டை எலி தின்னு அனுபவப்பட்டாச்சு. பக்கத்துக்கு மேல தேதி, அளந்தவர் பேரு, எந்த டேப்பு, எந்த உசரம். கம்பை விறகுல போட்டுடாம பரண்ல ஏத்தி வைங்க, அடுத்த வருஷமும் அதே கம்புதான். கையில, காலிப்பர்ல ஒட்டின பிசினுக்குச் சோப்பு வேலைக்கு ஆகாது, தேங்காய் எண்ணெய் தடவித் துணியால தொடைங்க, அப்புறம் சோப்பு.